படமும் ஒரு சாம்பிள்தான்

போடி ஏல மையத்தில் ஏலக்காய் வாங்க உட்கார்ந்திருக்கும் வியாபாரிக்கு மூட்டையை அவிழ்த்துக் காட்டுவதில்லை. அவர் கைக்கு வருவது கொஞ்சம் சாம்பிள். அதைக் கொட்டி நிறத்தைப் பார்க்கிறார், பருமனைப் பார்க்கிறார், முகர்ந்து பார்க்கிறார். அப்புறம்தான் விலை கேட்கிறார். மொத்தச் சரக்குக்கும் அந்த ஒரு பிடிதான் சாட்சி.

இணையதளத்தில் போடும் படமும் அப்படி ஒரு சாம்பிள்தான். ஒரே வித்தியாசம், அங்கே பார்க்கிறவரால் முகர முடியாது, கையில் உருட்ட முடியாது. கண் மட்டும்தான். அதனால் படத்தின் மேல் விழும் பாரம் இன்னும் அதிகம்.

கம்பத்தில் இருந்துகொண்டு சிறு கடைகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. மலையேறினால் குமுளி, கேரளம். இறங்கினால் கம்பம், தமிழ்நாடு. எனக்கு வேலை கொடுப்பவர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். இத்தனை நாளில் நான் அதிகம் கேட்ட பேச்சு, "தம்பி, படம் நிறையப் போடுங்க." எந்தப் படம், எப்படி என்று யாரும் கேட்டதில்லை. சொந்தமாகத் தளம் தொடங்கப் போகிறவர்களுக்காக, அவர்கள் கேட்காத அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதிப் பார்க்கிறேன். கணினிப் படிப்பு எதுவும் வேண்டியதில்லை.

புலி இல்லாத தேக்கடி

குமுளியில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு அண்ணனுக்குப் பூர்வீகம் எங்கள் ஊர்ப் பக்கம். அவருடைய பழைய தளத்தைத் திறந்தால் முதலில் திரை முழுக்க ஒரு புலி முறைக்கும். அடுத்து யானைக் கூட்டம், அடுத்து மாலைச் சூரியன், தேயிலைச் சரிவு, கதகளி முகம். எட்டாவது படத்தில்தான் ஒரு அறை தலைகாட்டும். அதிலும் கட்டிலின் ஒரு மூலை மட்டும்.

"அண்ணே, இந்தப் புலிய எங்க எடுத்தீங்க?"

"நெட்லதான் தம்பி. புலி இல்லாம தேக்கடியா?"

பெரியார் புலிகள் காப்பகம் பக்கத்தில்தான் இருக்கிறது, புலிகளும் இருக்கின்றன. ஆனால் படகில் போகிறவர் கண்ணில் புலி படுவது அபூர்வம். யானையோ காட்டெருமையோ ஏரிக்கரைக்கு வருவதும் அன்றைய யோகத்தைப் பொறுத்தது. நிச்சயமாகக் கண்ணில் படுவது, ஏரித் தண்ணீருக்குள் கறுத்து நிற்கும் பட்ட மரங்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை எழும்பித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிப்போன காட்டின் மிச்சம் அவை. அந்த மரங்களைப் பார்த்த மாத்திரத்தில் தேக்கடி என்று சொல்லிவிடலாம். புலிப் படத்தை எந்தக் காட்டின் பேரிலும் போட்டுக்கொள்ளலாம்.

சரி, அறை தேடி வருகிறவருக்குப் பட்ட மரமும் இரண்டாம்பட்சம்தான். அவர் மனதில் ஓடுவது வேறு. கட்டில் எவ்வளவு அகலம்? குளியலறை எப்படி? வயதான அம்மாவோடு வந்தால் எத்தனை படி ஏற வேண்டும்? வண்டி எங்கே நிற்கும்? சன்னலைத் திறந்தால் மலை தெரியுமா, பக்கத்து வீட்டுச் சுவர் தெரியுமா? படம் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த வழி இந்தக் கேள்விகள்தான். போனில் ஆட்கள் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் தாளில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படம் எடுங்கள். எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே நிற்கட்டும்.

அண்ணன் தாளில் ஏழு கேள்வி சேர்ந்தது. ஏழு படம் எடுத்தோம். படிக்கட்டுப் படம் வேண்டவே வேண்டாம் என்றார். செங்குத்தாக இருக்கும், பார்த்தால் ஆள் வராது என்ற பயம். வந்து இறங்கிய பிறகு அந்தப் படியைப் பார்த்து ஒரு பாட்டி திகைப்பதைவிட, வருவதற்கு முன்பே கீழ் அறை இருக்கிறதா என்று அவர் மகன் கேட்பது நல்லதில்லையா என்றேன். அரை மனதோடு ஒத்துக்கொண்டார்.

படம் வாங்கிப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருநீல நிறம், உள்ளே விதை இருக்கும், மணம் தனி. அந்தத் திராட்சையை விற்கிறேன் என்று சொல்லும் தளத்தில், எங்கோ வெளிநாட்டில் எடுத்த விதையில்லாப் பச்சைத் திராட்சை பளபளப்பதைப் பார்த்திருக்கிறேன். ஊர்க்காரன் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவான். வெளியூர்க்காரர் வாங்கினால், பெட்டியைத் திறந்ததும் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார். சரக்கில் ஒரு குறையும் இல்லை, சாம்பிள்தான் வேறு தோட்டத்துச் சாம்பிள். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கும் படத்துக்கும் இதே பேச்சுதான். அலங்காரத்துக்கு ஒரு ஓவியம் வேண்டுமென்றால் கேட்டு வாங்குங்கள். உங்கள் அறையையும் உங்கள் சரக்கையும் அதனிடம் வரையச் சொல்லாதீர்கள். உங்கள் சன்னலுக்கு வெளியே இல்லாத மலையை அது தாராளமாக வைத்துக் கொடுத்துவிடும்.

முகப்பில் தானாக நகரும் படவரிசை எனக்குப் பிடிக்காது. முதல் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடிவிடும். இரண்டாவதுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமையில்லை. ஒரு படம், நல்ல படம், நிற்கட்டும்.

மலையேறும் எடை

புதிதாகத் தளம் தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது எடை விஷயத்தில். எனவே இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கணினிக்குப் படம் என்பது நிறப் புள்ளிகளின் கட்டம். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வரிசை வரிசையாக வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் சொல்லிவிட்டால் படம் வந்துவிடும். அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல். 12 மெகாபிக்சல் கேமரா என்றால் அகலவாக்கில் 4000 புள்ளி, உயரவாக்கில் 3000 புள்ளி, மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம். தகவலை அளக்கும் அலகு பைட்; பத்து லட்சம் பைட் ஒரு எம்பி, ஆயிரம் பைட் ஒரு கேபி. புள்ளிக்கு 3 பைட் என்று வைத்தால் 36 எம்பி. போன் அதை அமுக்கிச் சுருக்கி, பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி வரையான கோப்பாகச் சேமிக்கிறது.

இப்போது பார்க்கிறவர் பக்கம் வருவோம். பரவலாகக் கையில் இருக்கும் போன்களில் திரையின் அகலம் 1080 புள்ளி. 1080 புள்ளி அகலத்துக்கு அந்தப் படம் வேண்டுமென்றால் உயரம் 810 புள்ளி போதும். மொத்தம் ஒன்பது லட்சம் புள்ளிகூட இல்லை. நாம் அனுப்புவதோ ஒரு கோடியே இருபது லட்சம். பதின்மூன்று மடங்குக்கு மேல். போன் எல்லாவற்றையும் இறக்கி, அப்புறம் உட்கார்ந்து சுருக்கி, மிச்சத்தை வீசிவிடுகிறது. ஒரு படி அரிசி வேண்டுகிறவருக்கு ஒரு மூட்டையைச் சுமந்து மலையேறுவதுபோலத்தான். சுமை கூலி அவர் டேட்டாவில் கழியும்.

கணக்காகவே பார்க்கலாம். 4 எம்பி படம் பன்னிரண்டு, மொத்தம் 48 எம்பி. சிக்னல் சுமாராக இருந்து நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 48 எம்பி இறங்க 192 நொடி, மூன்று நிமிடத்துக்கும் மேல். அதே பன்னிரண்டு படத்தை ஆளுக்கு 150 கேபியாகச் சுருக்கினால் மொத்தம் 1.8 எம்பி, ஏழு நொடியில் வேலை முடிந்தது. குமுளி மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில் வண்டி ஏறும்போது சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இரவு தங்க இடம் தேடுகிறவர் தளத்தைத் திறப்பது அங்கே வைத்துத்தான். மூன்று நிமிடம் யார் காத்திருப்பார்? அடுத்த ஹோம்ஸ்டேயை அழைத்துவிடுவார்.

சுருக்குவது பெரிய வித்தை இல்லை. இரண்டு வேலை, வரிசை முக்கியம். முதலில் அளவைக் குறைக்க வேண்டும்: சாதாரணப் படத்துக்கு அகலம் 1200 புள்ளி, கணினித் திரை முழுக்க விரியும் முகப்புப் படத்துக்கு 1600 முதல் 1920. அப்புறம் அமுக்க வேண்டும். சேமிக்கும்போது தரம் எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் 75 அல்லது 80 வையுங்கள். நூறு வைத்தால் எடை எகிறும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கூகுளின் ஸ்க்வூஷ் என்ற இலவசக் கருவி பிரௌசரிலேயே இதைச் செய்யும். படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போவதில்லை. பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால், நடுக்கோட்டை இழுத்து இழுத்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம். பெரும்பாலான படங்கள் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ஏலத்தோட்டம் மாதிரி இலையும் தழையும் நிழலும் நிறைந்த படம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். நுணுக்கம் கூடக்கூட எடையும் கூடும்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர்கள் எனக்குப் படத்தை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் தன் பங்குக்கு ஏற்கெனவே நன்றாக அமுக்கியிருக்கும். அதை நான் மறுபடி அமுக்கினால் கஞ்சியில் தண்ணீர் ஊற்றிய கதை. டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், மூலப்படம் அப்படியே வரும். மூலத்தைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, அதிலிருந்து பிரதி எடுத்துத்தான் சுருக்க வேண்டும்.

கோப்பு வகையைப் பற்றிக் கேட்டால் பலர் மிரள்கிறார்கள். மிரள ஒன்றுமில்லை. போட்டோவுக்கு ஜேபெக். 1992இல் வந்த தரம் இன்றும் தாக்குப் பிடிக்கிறது என்றால் அதன் தந்திரம் அப்படி. நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற வித்தியாசத்தில் கொஞ்சம் அசட்டை. ஜேபெக் அந்த அசட்டையைப் பயன்படுத்திக்கொண்டு நிறத் தகவலைக் குறைவாக வைக்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் மிக நுணுக்கமான ஏற்ற இறக்கங்களைக் கழித்துவிடுகிறது. கழித்தது திரும்பி வராது. அதனால்தான் ஒரே படத்தைத் திறந்து திறந்து சேமித்தால் கட்டம் கட்டமாகப் பிசிறு தட்டும். கூர்மையான ஓரங்கள் இருக்கும் எழுத்தும் லோகோவும் ஜேபெக்கில் அழுக்கடைந்ததுபோல இருப்பதற்கும் அதே காரணம். அவற்றுக்கு பிஎன்ஜி. அது எதையும் கழிப்பதில்லை. கழிக்காததாலேயே போட்டோவை அதில் சேமித்தால் எடை பல மடங்காகும். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்த போட்டோக்களில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். கோடும் வடிவமுமாக வரைந்த லோகோ கையில் இருந்தால் எஸ்விஜி. புள்ளிகளை விட்டுவிட்டு, இங்கிருந்து அங்கே கோடு இழு என்ற குறிப்பை வைத்திருப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்-பி, ஜேபெக்கைவிடச் சிறியது. இப்போது எல்லா முக்கியப் பிரௌசர்களும் அதைப் படிக்கின்றன. ஸ்க்வூஷில் சேமிக்கும்போது அதையே தேர்ந்தெடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

பக்கம் குதிக்காமல் இருக்க

'அழைக்க' என்ற பொத்தானைத் தொடப் போவீர்கள், அந்த நேரம் பார்த்து மேலே ஒரு படம் வந்து இறங்கும், பக்கமே கீழே தள்ளப்பட்டு உங்கள் விரல் வேறு எதையோ அமுக்கிவிடும். எல்லோருக்கும் நடந்திருக்கும். படம் வருவதற்கு முன்பு அதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பிரௌசருக்குத் தெரியாததுதான் காரணம். பந்தியில் இலை போட்டு இடம் பிடித்து வைப்பதுபோல, படத்தின் அகலமும் உயரமும் எத்தனை புள்ளி என்று நிரலில் எழுதிவிட்டால் போதும், பிரௌசர் அந்த இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்கும். கூகுள் தளங்களை அளக்கும்போது இந்தக் குதியாட்டத்தையும் அளக்கிறது. பக்கத்தின் முக்கியமான பெரிய பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பதும் அதன் அளவுகோல்களில் ஒன்று. பெரும்பாலும் அந்தப் பெரிய பகுதி முகப்புப் படம்தான்.

கீழே இருக்கும் படங்களை, பார்க்கிறவர் கீழே உருட்டி வரும்போது இறக்கினால் போதும் என்று பிரௌசரிடம் சொல்ல முடியும். லேசி லோடிங் என்பது இதற்குப் பெயர். சோம்பேறித்தனம் உதவியாக இருக்கும் அபூர்வமான இடம். ஆனால் முகப்புப் படத்துக்கு இதைப் போட்டுவிடாதீர்கள். முதலில் தெரிய வேண்டியதே தாமதமாக வரும். அதேபோல, ஒரே படத்தை 480, 800, 1200 என்று மூன்று அகலத்தில் வைத்து, வரும் போனுக்குத் தக்கதை எடுத்துக்கொள் என்று விடவும் வழி இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளை வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இதை 2015 முதலே அது தானாகச் செய்கிறது, லேசி லோடிங்கையும் 2020 முதல் தானாகவே போடுகிறது. அதற்காக 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். சர்வரில் இடம் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

எட்டு மில்லிமீட்டர் ஏலக்காய்

ஏலக்காய் விற்கும் தளம் ஒன்றுக்குப் படம் எடுத்தபோதுதான், படம் எடுப்பதில் எனக்கிருந்த மப்பு இறங்கியது. காய் நல்ல பச்சை, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நின்ற முதல் ரகம். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தேன், பழைய காய் மாதிரி வெளிறி வந்தது. வெளியே போய் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தேன், காய்க்கே நீலம் பாரித்துவிட்டது. சரியென்று போனில் பச்சையைக் கொஞ்சம் ஏற்றினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சாயம் போட்ட காய் மாதிரி இருக்கு" என்றார். சாயம் ஏற்றிய காய் மேல் வாங்குகிறவர்களுக்கு ஏற்கெனவே பயம் உண்டு. அந்தப் பயத்தை நானே காசு வாங்கிக்கொண்டு கிளப்பியிருப்பேன்.

கடைசியில் சரியாக வந்தது எளிய முறையில். காலை எட்டு மணி, நேர் வெயில் படாத வாசல் திண்ணை, கீழே வெள்ளைத் தாள். பூ வேலைப்பாடு போட்ட தட்டு எதுவும் வேண்டாம். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் காயின் பச்சையும் உண்மையாகத் தெரியும். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் காயின் நிறமும் பொய். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தோம், மில்லிமீட்டர் கோடு தெரியும்படி. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் எதுவும் தேங்காய் அளவுக்குத் தெரியும், அதனால் அளவுக்குச் சாட்சியாக ஒரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு காயைப் பிளந்து உள்ளே இருக்கும் கறுப்பு அரிசியையும் ஒரு படம் எடுத்தோம். வியாபாரிகள் கையில் செய்வதை அப்படியே கேமராவுக்குச் செய்து காட்டியதுதான், வேறொன்றுமில்லை.

ஒரு பொருளுக்கு மூன்று படம் போதும் என்பது என் எண்ணம்: முழுசாக ஒன்று, நெருக்கமாக ஒன்று, வாங்குகிறவர் கைக்கு வரும் பொட்டலம் ஒன்று. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

எழுத்து எழுத்தாகவே இருக்கட்டும்

கடைக்காரர்கள் அனுப்பும் படங்களில் பாதி, படமே இல்லை. விலைப் பட்டியலை வண்ண வண்ண எழுத்தில் அடித்து, ரோஜாப்பூ ஓரம் கட்டி, ஒரே படமாக அனுப்புவார்கள். சுவரில் ஒட்ட அது சரி. தளத்தில் ஏற்றினால் போன் திரையில் எழுத்து எறும்பு அளவுக்குச் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் பாதி வெளியே ஓடும். கூகுளில் 'ஏலக்காய் கால் கிலோ விலை' என்று தேடுகிறவருக்கு அந்த எழுத்து அகப்படும் என்று நம்பவும் முடியாது. விலை மாறும்போது முழுப் படத்தையும் மறுபடி செய்ய வேண்டும், ஏலக்காய் விலை ஒரே இடத்தில் நிற்கிற ஜாதியும் இல்லை.

எல்லையோரத்தில் இன்னொரு நட்டமும் சேரும். வருகிறவர்களில் மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. தமிழில் எழுத்தாக இருந்தால் பிரௌசரின் மொழிபெயர்ப்பு வசதியை அமுக்கி, முன்னே பின்னே இருந்தாலும் விஷயத்தைப் புரிந்துகொள்வார்கள். பக்கத்தை மொழிபெயர்க்கும்போது படத்துக்குள் இருக்கும் எழுத்து அப்படியே நின்றுவிடும். கோட்டயத்துக்காரர் ரோஜாப்பூவை மட்டும் ரசித்துவிட்டுப் போவார்.

படத்துக்குப் பின்னால் ஒரு வாக்கியம்

ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், அது என்ன படம் என்று ஒரு வாக்கியம் எழுதி வைக்கலாம். ஆல்ட் உரை என்று சொல்வார்கள். பார்வையற்றவர்கள் போனைப் பயன்படுத்தும்போது ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்ற செயலி திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறது. படம் வரும் இடத்தில் அது வாசிப்பது இந்த வாக்கியத்தைத்தான். எழுதாமல் விட்டால் கோப்பின் பெயரையோ எண்களையோ வாசித்துக் கேட்பவரைச் சோதிக்கும். சிக்னல் செத்துப் படம் வராவிட்டாலும் அந்த இடத்தில் இந்த வாக்கியம் தெரியும். தேடுபொறியும் படத்தைப் புரிந்துகொள்ள இதை நம்புகிறது.

எப்படி எழுதுவது? வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்குப் போனில் சொல்வதுபோல. 'அறை' என்று மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை. 'அழகிய மலைகளின் மடியில் அமைந்த சொர்க்கம்' என்று எழுதினால் அதைவிட மோசம். 'இரட்டைக் கட்டில் போட்ட கீழ்த்தள அறை, இடப்பக்கம் சன்னல், வாசலில் ஒரு படி' என்றால் கேட்பவருக்கு அறை தெரிந்துவிடும். 'இது ஒரு படம்' என்று தொடங்க வேண்டாம், டாக்பேக்கே அதைச் சொல்லிவிடும். வெறும் அலங்காரக் கோடு, பூ என்றால் ஆல்ட் உரையை வேண்டுமென்றே காலியாக விடுங்கள், வாசிக்கும் செயலி தாண்டிப் போய்விடும். 'ஏலக்காய், பச்சை ஏலக்காய், மலிவு விலை ஏலக்காய்' என்று கூகுளுக்காக அடுக்குகிறவர்களும் உண்டு. அதைக் காதால் கேட்டுப் பாருங்கள், பேருந்து நிலையத்தில் கூவி விற்பதுபோல இருக்கும்.

கோப்புப் பெயரிலும் ஒரு சின்ன விஷயம். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இணைய முகவரியில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. ஒவ்வொரு எழுத்துக் குறியும் ஒன்பது எழுத்துகொண்ட சங்கேதமாக மாறும். 'ஏலக்காய்' என்ற ஒரு சொல்லில் புள்ளி, கால் எல்லாம் சேர்த்து எட்டுக் குறி, அது 72 எழுத்தாக நீளும். அதை ஒருவருக்கு அனுப்பினால் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல், சொல்லுக்குச் சொல் சிறு கோடு போட்டுச் சுருக்கமாக வையுங்கள். கேமரா கொடுத்த எண் வரிசையை மட்டும் அப்படியே விடாதீர்கள்.

யாருடைய படம்?

கூகுளில் தேடினால் வரும் படம் கூகுளுடையது இல்லை, பொதுச் சொத்தும் இல்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு போட்டோவுக்கான உரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் நீடிக்கிறது. நீங்கள் பணம் கொடுத்து ஒரு போட்டோகிராபரை எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அந்தப் படத்தின் உரிமை உங்களுக்குத்தான். இது பலருக்குத் தெரியாது. இலவசமாக வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸ் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் கீழே நிபந்தனை எழுதியிருக்கும். பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட வேண்டும் என்பார்கள். இரண்டு வரி, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

படத்தில் வரும் ஆட்களிடமும் கேளுங்கள். தோட்டத்தில் காய் எடுக்கும் அக்காமார்களைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்து முகப்பில் போடுவது முறையில்லை. கேட்டால் அநேகமாகச் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். வேண்டாம் என்றால் கைகளை மட்டும் எடுக்கலாம், அந்தப் படம் பல நேரம் முகத்தைவிட நன்றாகவே வரும்.

போனில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் படக் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஹோம்ஸ்டேக்கு அதனால் மோசமில்லை. ஏலக்காய் மூட்டை அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கியைப் படம் எடுத்து, அது இருக்கும் இடத்தையும் சேர்த்து உலகத்துக்குக் கொடுப்பது வேறு விஷயம். கேமரா அமைப்பில் இருப்பிடத்தை நிறுத்திவிட்டு எடுங்கள். டாக்குமென்டாக அனுப்பிய படத்தில் இந்தத் தகவலும் சேர்ந்தே வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் ஒன்று, பலர் கவனிக்காதது. தளத்தின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கூடவே ஒரு சின்னப் படம் வருகிறதே, அந்தப் படத்தை நீங்களே தேர்ந்தெடுத்து வைக்கலாம். 1200க்கு 630 புள்ளி என்பது பொதுவான அளவு. வைக்காவிட்டால் படமே வராமல் போகலாம், அல்லது தளத்தில் இருக்கும் ஏதோ ஒன்று வந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் தளத்தைத் தேடி வருகிறவர்களைவிட, யாரோ அனுப்பிய இணைப்பைத் தொட்டு வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் முதலில் பார்ப்பது முகப்புப் படத்தை அல்ல, இந்தச் சின்னப் படத்தை.

குமுளி அண்ணனுக்கு அந்த இடத்தில் எதை வைப்பது என்று பேச்சு வந்தபோது, புலி மறுபடி உள்ளே வந்தது. தளத்திலிருந்து எடுக்கச் சொன்னதில் மனசு ஆறவில்லை போலிருக்கிறது. ஆள் வைத்து, வீட்டு மதில் சுவரில் ஆளுயரப் புலி ஒன்றை வரையச் சொல்லிவிட்டார். வால் மட்டும் கொஞ்சம் நீளம், கேட்டைத் தாண்டிப் போகிறது. "இது என் புலிதானே தம்பி, நெட்ல எடுக்கலையே?" என்றார். ஆட்டோக்காரர்களும் அதற்குள் அதை அடையாளமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். வழி கேட்பதும் அந்தத் தாளில் இருந்த ஏழு கேள்விகளில் ஒன்றுதான். அதற்கு எடுத்திருந்த தெருமுனைப் படத்தைத் தூக்கிவிட்டு, காலை வெளிச்சத்தில் மதிலை ஒரு படம் எடுத்து 140 கேபியாகச் சுருக்கி வைத்தேன். ஆல்ட் உரையில் எழுதினேன்: 'மதில் சுவரில் வரைந்த புலி, வால் முடியும் இடத்தில் பச்சை கேட்.'